மனைவி நிற்கிறாள்

“இவரு இதச் சொல்றப்ப நான் என்னங்க பண்ணீட்டு இருக்கறேன்?”

அக்கா ஒத்திகைக்கு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். யாராவது ஒரு நகைச்சுவை வசனத்தைப் பேசி முடித்ததும், சுற்றியிருப்பவர்கள் சிரித்து ஓய்கிற வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு மரியாதையாகக் கேட்பார். குரலில் கோபமோ குத்தலோ இருக்காது. அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். ஆயுத பூஜை வந்தால் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஆட்களுக்குப் பொரி, கடலை, சாயங்காலம் மைதானத்தில் நாடகம். நடிப்பவர்கள் எல்லோரும் மில் ஆட்களே. பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து நடிகையைக் கூட்டி வருவார்கள். நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை செய்த பெண்கள் மேடை ஏற மாட்டார்கள், ஏற ஆசைப்பட்டாலும் வீட்டில் விட மாட்டார்கள். அப்படி வெளியிலிருந்து வந்தவர்தான் அக்கா. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை, குடியிருந்தது உக்கடத்தில். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கறுப்பு நிறம், பூசின உடம்பு, கணீரென்ற குரல். மில்லுக்கு மில், கோயிலுக்குக் கோயில் போய் நடித்துக் கொடுக்கிற பெண்கள் அப்போது கோயம்புத்தூரில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். எந்த ஊரில் எந்த நாடகம் போட்டாலும் அவர்களுக்குப் புதிதாக மனப்பாடம் செய்யப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஏனென்றால் சிரிப்பு நாடகம் என்றால் கதை ஒன்றுதான்.

பொண்டாட்டி வாயாடி. புருஷன் பயந்தாங்கொள்ளி. மூன்று காட்சிக்கு அவள் கத்துவாள், இவன் நடுங்குவான், நடுநடுவே ஜனங்களைப் பார்த்து அவளுடைய நிறத்தையும் உடம்பையும் அவளைப் பெற்றவர்களையும் பற்றி நாலு ஜோக் சொல்வான். நாலாவது காட்சியில் யாரோ ஒரு நண்பன் வந்து, “நீயெல்லாம் ஆம்பளையா?” என்று கேட்டுவிட்டுப் போவான். புருஷனுக்கு ரோஷம் வந்து ஓர் அறை விடுவான். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். ஐந்தாவது காட்சியில் அவள் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்து காலில் விழுவாள். சுபம். சோமனூரில் பார்த்தாலும் இதுதான், பொள்ளாச்சியில் பார்த்தாலும் இதுதான். ஆட்களின் பெயர் மட்டும் மாறும்.

எங்கள் நாடகத்தை எழுதியவர் டைம் ஆபீஸ் கிளார்க். அவரை நாங்கள் எழுத்தாளர் என்றுதான் கூப்பிடுவோம், வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் எழுதியதை ஸ்டென்சிலில் அடித்துக் கொடுத்தது நான். அடித்தவளுக்குத்தான் வசனம் தெரியும் என்று, மேடைக்கு ஓரமாகப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அந்த நாடகத்தில் அதிகமாக நான் அடித்த வரி எது தெரியுமா? அடைப்புக்குறிக்குள், ‘மனைவி நிற்கிறாள்’. புருஷன் ஒரு பத்தி பேசுவான், மனைவி நிற்கிறாள். நண்பன் ஒரு பத்தி பேசுவான், மனைவி நிற்கிறாள். எனக்கே கால் வலிக்கிற மாதிரி இருந்தது.

அக்காவின் கேள்வி அந்த அடைப்புக்குறியைப் பற்றியதுதான்.

“நீங்க சும்மா நில்லுங்க போதும்” என்றார் எழுத்தாளர், முதல் நாள் ஒத்திகையில்.

“சும்மா நின்னா கைய எங்கீங்க வெக்கறது?”

“எங்கியோ வெச்சுக்கோங்க.”

“ஊட்டுல பொம்பள எந்நேரமுங்க சும்மா நின்னுருக்கறா? நீங்க பாத்திருக்கறீங்களா?”

எழுத்தாளர் யோசித்தார். அவர் வீட்டில் அப்படி ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை போலிருக்கிறது. “சரி, என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார். அவர் அன்றைக்குச் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் அக்கா ஒரு ஒயர் கூடையோடு வந்தார். அதிலிருந்து முறத்தையும் சின்ன வெங்காயத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மேடை நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். புருஷன் வேஷம் போட்டது ஸ்பின்னிங் மேஸ்திரி. பெரிய மீசை, பெரிய தொண்டை, மில்லிலேயே பெரிய சிரிப்புக்காரர். அவர் வழக்கம்போல ஜனங்கள் பக்கம் திரும்பி, “கரண்டு போச்சுன்னா என்ற பொண்டாட்டியத் தேடறது பெரும்பாடுங்க, பல்லக் காட்டச் சொன்னாத்தான் ஆள் இருக்கற எடமே தெரியும்” என்று ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள் வெங்காய நெடி ஏறிக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெண்டாட்டியின் நிறத்தைக் கேலி செய்கிற ஆளைப் பார்த்து, ஒத்திகைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜோக்குக்குச் சிரித்தார்களா, அழுகைக்குச் சிரித்தார்களா என்று மேஸ்திரிக்கே புரியவில்லை. சிரித்தார்கள் அல்லவா, அது போதும் அவருக்கு.

அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. வெங்காயம் முழுக்க உரித்து முடித்து, தோலை ஒரு பக்கம் ஒதுக்கி, உரித்ததைத் தூக்குப் போசியில் போட்டு மூடிக் கூடைக்குள் வைத்தார். “நாளைக்கு அரிசிம்பருப்புச் சோத்துக்கு ஆச்சு. என்ற வேலையும் முடிஞ்சுது, உங்க நாடகமும் முடிஞ்சுது” என்றார் என்னிடம்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வந்தது. பீன்ஸ் அரிவது, பூண்டு உரிப்பது, பச்சைப்பயிறில் கல் பொறுக்குவது, துணி மடிப்பது. அத்தனையும் நிஜமான வேலை. மேடைக்காக வெறும் முறத்தை ஆட்டிக்கொண்டிருக்கிற பழக்கம் அக்காவிடம் கிடையாது. நாடகங்கள் அதிகமாக இருக்கிற மாதத்தில் அவர் வீட்டுக் காய்கறியில் முக்கால்வாசி மேடையில்தான் நறுக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு அக்காவைப் பெரிய புரட்சிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். எழுதியிருப்பதைச் செய்ய மாட்டேன் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. குண்டுப் பெண்டாட்டி உட்கார்ந்ததும் நாற்காலி உடைகிற காட்சி ஒன்று உண்டு. அதற்கென்றே தச்சு வேலைக்காரர் ஒருவர் காலை அறுத்து ஒட்டவைத்த நாற்காலியைத் தயார் செய்திருந்தார். அக்கா அதில் உட்கார்ந்து, அழகாக விழுந்தார். விழுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஒரு சிராய்ப்பு இல்லாமல் விழுவார். ஆனால் விழுந்தவர் பதறி எழவில்லை. அப்படியே தரையில் சம்மணம் போட்டு, சிதறின பீன்ஸைக் கூட்டிச் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து அரிய ஆரம்பித்தார். கீழே உட்கார்ந்து அரிவதுதான் சௌகரியம் என்பது போல ஒரு முகம். அப்போது ஒத்திகை பார்க்க வந்த பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது வழக்கமாக அங்கிருந்து வருகிற, வாயை முந்தானையால் பொத்திக்கொண்ட சிரிப்பு இல்லை. தொண்டை திறந்த சிரிப்பு. எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தையல்காரர், அதிகம் பேசாதவர். அவரைப் பற்றி அக்கா சொன்னது ஒன்று ஞாபகம் இருக்கிறது. “அந்த மனுசன் ஒருக்காத்தான் கண்ணு என்ற நாடகம் பாக்க வந்தாரு. நான் அறை வாங்கற சீனு வந்துது. எந்திரிச்சுப் போயிட்டாரு. ஊட்டுக்குப் போய்ப் பாக்கறேன், சோறாக்கி ரசம் வெச்சு, தட்டுப் போட்டு உக்காந்திருக்கறாரு. ரசத்துல உப்பே இல்ல. நானும் சொல்லல.” சொல்லிவிட்டு வெகுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இடது காது கேட்காது என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் மேடைக்கு இடது ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தால் திரும்பவே மாட்டார். “கண்ணு, நீ அக்கட்டால வந்து உக்காந்துக்கோ” என்று என்னை வலது பக்கம் மாற்றினார். ஏதோ வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். நான் பேசிக்கொண்டே வந்தேன், அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமோ என்று தோளைத் தொட்டேன். எழுந்து இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, அப்புறம்தான் சொன்னார்.

பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ ஓர் ஊர்த் திருவிழா. புருஷனாக நடித்தவர் நல்ல மனுஷன்தானாம். ஒத்திகையில் மெதுவாகக் கையை ஓங்கிவிட்டு, மேடையில் ஜனத்தைப் பார்த்ததும் வேகம் வந்து நிஜமாகவே விட்டுவிட்டார்.

“ஒரே அறைதான் கண்ணு. ஜனங்க எல்லாம் கையத் தட்டுச்சு. அந்தக் கைதட்டலுதான் இந்தக் காதுல கடைசியாக் கேட்டது.”

அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தார், காது போனது எனக்கு என்பது போல.

“இன்னொன்னப் பத்தரமாப் பாத்துக்கோன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. யாருகிட்டயும் சொல்லீறாத. காது கேக்காதவளுக்கு எவனுங்கண்ணு நாடகம் குடுப்பான்?”

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு நாலாவது காட்சியை நினைத்தாலே பயம். ஏனென்றால் எங்கள் மேஸ்திரியும் மேடையில் ஏறினால் தன்னை மறக்கிறவர். மில்லில் பரம சாது. ஓர் ஆளை அதட்டி வேலை வாங்கத் தெரியாது. ஆனால் முந்தின வருஷம் இதே நாலாவது காட்சியில் அவர் விட்ட அறையில் அப்போது மனைவியாக நடித்த பெண்ணின் கம்மல் தெறித்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் மடியில் விழுந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் எங்கள் மில் பக்கமே வரவில்லை. மில்லில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்மல் எப்படிப் பறந்தது என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார்கள். இதற்கு மேல் ஒரு விஷயம், மேஸ்திரிக்கு எல்லாமே பீச்சாங்கைதான். சுத்தியல் பிடிப்பதும், கையெழுத்துப் போடுவதும், அடிப்பதும். எதிரில் நிற்பவரை இடது கையால் அறைந்தால் அது வலது கன்னத்தில் விழும். அக்காவின் கேட்கிற காது வலது காது.

அக்கா கேட்டுப் பார்த்தார். “கை படாம நடிச்சுக்கலாமுங்களா?”

“அடியில்லாமப் பின்ன என்னங்க நாடகம்? ஜனங்க அதுக்குத்தான் காத்துட்டிருப்பாங்க” என்றார் எழுத்தாளர்.

மேஸ்திரி கும்பிடாத குறையாகச் சொன்னார். “தொட மாட்டனுங்க அம்மணி. என்ற ஊட்டுல கேட்டுப் பாருங்க, நான் ஒரு எறும்பக்கூட மிதிக்கறவன் இல்லீங்க. ஆனா ஒண்ணுங்க, மேடை ஏறிட்டா எனக்கே என்னயத் தெரியறதில்லீங்க.”

உள்ளதை உள்ளபடி சொல்கிற மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாடகமே வேண்டாம், போய்விடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சுற்றியிருந்த மில்களில் எல்லாம் ஆயுத பூஜையை ஒட்டித்தான் நாடகம் நடக்கும். இங்கே பாதியில் விட்டுவிட்டுப் போனால் சண்டைக்காரி என்று பேர் பரவிவிடும், அந்த வருஷம் வேறு எந்த மில்லிலும் கூப்பிட மாட்டார்கள். “பாத்துக்கலாம் கண்ணு. அவரு அடிக்க வாரப்ப நான் என்ன பண்ணீட்டு இருப்பேன்னு யோசிக்கறேன்” என்றார். அப்போதும் அதே கேள்விதான், இந்த முறை தன்னிடமே கேட்டுக்கொண்டார்.

மேஸ்திரியின் வீடு மேடைக்கு நேர் பின்னாலேயே இருந்த லைன் வீடுகளில் ஒன்று. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் படுதா இடைவெளியில் மேடை தெரியும். அவர் சம்சாரம் ஒத்திகைக்குத் தினமும் வந்து ஓரமாக நிற்பார். ஒல்லியான, சத்தம் வராத பெண். சிரிக்க மாட்டார், நகரவும் மாட்டார். அக்கா அவரிடம் அன்றைக்கு என்ன குழம்பு, பையன் ஸ்கூலுக்குப் போனானா என்று ஏதாவது பேசுவார். உரித்த வெங்காயத்தில் பாதியை அவர் கிண்ணத்தில் கொட்டிவிடுவார். நாடகத்தன்று சாயங்காலம் மேக்கப் போட்டுக்கொண்டிருந்த அக்கா அவரைக் கூப்பிட்டு, “நாலாவது சீனுக்கு ஒரு டம்ளர் காப்பி வேணும் அம்மணி. ஆத்திக் குடிக்கற வட்டா வேண்டாம், டம்ளர் மட்டும். நிறைக்க ஊத்தி, கொதிக்கக் கொதிக்க” என்று கேட்டார். மேடையில் குடிப்பதற்குப் போலும் என்று நினைத்தேன். எழுதினதில் காப்பி எதுவும் இல்லையே என்றும் நினைத்தேன்.

மைதானம் நிரம்பி வழிந்தது. மூன்று காட்சி நன்றாகவே போயிற்று. மேஸ்திரி கண்ணீரோடு ஜோக் சொன்னார், அக்கா நாற்காலியிலிருந்து விழுந்து பீன்ஸ் அரிந்தார். நாலாவது காட்சியில் நண்பன் வந்து ஆம்பளையா என்று கேட்டுவிட்டுப் போனான். மேஸ்திரி மீசையை முறுக்கினார். ஆண்கள் பக்கத்திலிருந்து, “விடு மேஸ்திரி ஒண்ணு!” என்று ஒரு குரல் கிளம்பியது. அதுதான் பற்றவைத்தது. அவர் முகம் மாறியதை நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கண் சிவந்து, நெஞ்சு நிமிர்ந்து, அது நடிப்பே இல்லை. இடது கை மேலே போயிற்று. என் கையில் இருந்த காகிதம் வியர்வையில் நனைந்துவிட்டது.

மேடையில் மனைவி நிற்கவில்லை. நண்பன் போனதுமே உள்ளே போயிருந்த அக்கா, சேலைத் தலைப்பால் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓங்கின கைக்குக் கீழே வந்து நின்றார். ஆவி பறந்தது. வீட்டுக்கு விருந்தாளி, ஒறம்பரை வந்தால் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“காப்பி எடுத்துக்கோங்க.”

மேஸ்திரியின் கை மேலேயே நின்றது. வாய் தானாகத் திறந்தது.

“இருக்கட்டுங்க. இப்பத்தானுங்க குடிச்சேன்.”

கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பி என்று நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. கொலை செய்யப் போகிறவனிடம் காப்பியை நீட்டினாலும் எங்கள் ஊரில் இருக்கட்டுங்க என்றுதான் சொல்வான். மேஸ்திரியும் சொல்லிவிட்டார். அறையப் போகிற புருஷன், பெண்டாட்டியிடம், கையை ஓங்கியபடியே, இத்தனை ‘ங்க’ போட்டு.

பெண்கள் பக்கத்தில் வெடித்த சிரிப்பில் மேடைப் பலகை அதிர்ந்தது.

“அரை டம்ளராச்சும் குடிங்க. ஆறிப்போயிருமுங்க” என்றார் அக்கா.

இரண்டாவது தடவை. வாங்கித்தான் ஆக வேண்டும். ஓங்கியிருப்பதோ பீச்சாங்கை. அந்தக் கையால் எப்படி வாங்குவது? பீச்சாங்கைக்காரராக இருந்தாலும் காப்பியைச் சோத்தாங்கையால்தானே வாங்க வேண்டும்? மேஸ்திரி வலது கையை நீட்டி வாங்கினார். விளிம்பு வரை நிறைந்த, கொதிக்கிற டம்ளர். சூடு தாங்கவில்லை, கீழே போடவும் முடியாது, அன்னம் மாதிரி அதுவும். மேலே நின்ற இடது கை துணைக்கு இறங்கி வந்தது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்து, ஊதி ஊதி, மேடை நடுவில் அவர் ஆடின ஆட்டம் இருக்கிறதே! ஆண்கள் பக்கமும் இப்போது புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது. “விடு மேஸ்திரி” என்று கத்தின குரலே, “ஊதிக் குடி மேஸ்திரி” என்று கத்தியது.

படுதாவின் மறு ஓரத்தில் எழுத்தாளர், “அடிய்யா! அடிய்யா!” என்று குதித்தார். மேஸ்திரி அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எடுத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். காகிதம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அக்கா திரும்பிப் போய் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூண்டை எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். “குடிச்சுப்போட்டு அப்பறம் அடிங்க. டம்ளர் கழுவோணும்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் நாடகம் நடக்கவில்லை. சிரிப்பு அடங்கவே இல்லை. மேஸ்திரி ஒரு வாய் குடித்தார். கோபம் எங்கே போயிற்றோ, பழைய சாது முகம் திரும்ப வந்திருந்தது. “காப்பி நல்லா இருக்குதுங்க” என்றார் உண்மையாகவே. யாரோ படுதாவை இறக்கிவிட்டார்கள். காலில் விழுகிற ஐந்தாவது காட்சியை யாரும் தேடவில்லை.

எழுத்தாளர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மில்லிலிருந்து ஆள் வந்து, “அந்தக் காப்பி நாடகத்த எங்களுக்குப் போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எழுதினதில் அறையை எடுத்துவிட்டுக் காப்பியைச் சேர்த்துக் கொடுத்தார், நான்தான் மறுபடி அடித்தேன். மேஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போய், காப்பி யோசனை தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவிடம் இதைச் சொன்னேன். “சொல்லிக்கட்டும் கண்ணு. சொல்லச் சொல்ல அவருக்கே அது பழகீரும்” என்றார். அடுத்த இரண்டு மூன்று வருஷம் அந்த நாடகம் சோமனூர் வரைக்கும் போயிற்று. மேஸ்திரி சூட்டில் ஆடுகிற ஆட்டத்தை நன்றாக மெருகேற்றிக்கொண்டார். அந்தக் கை அதற்கப்புறம் மேடையில் யார் மேலும் விழவில்லை, அதற்கு நான் சாட்சி. அக்காவும் ஒவ்வொரு தடவையும் காதோடு வீட்டுக்குப் போனார், நறுக்கின காய்கறியோடும். பிறகு எனக்குக் கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்துவிட்டேன். அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இருந்தாலும் டிவியில் ஒருத்தன் பெண்டாட்டியைப் பற்றி ஜோக் அடிக்கிறபோதெல்லாம், அவன் பக்கத்தில் சும்மா நிற்கிற பெண்ணின் கையைத்தான் நான் பார்க்கிறேன்.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேடை இல்லை. முதல் முறையாக அந்தக் காப்பிக் காட்சி நடந்த அன்று, படுதா இறங்கினதும் பின்னால் நடந்ததுதான். அக்கா பெட்டி மேல் உட்கார்ந்து பூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றின ஊசியை இரண்டு தடவை கீழே போட்டார். அவ்வளவு நேரம் எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன். அப்போது மேஸ்திரியின் சம்சாரம் டம்ளரை வாங்கிப் போக வந்தார். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்கக்கா, அவரு காப்பிய வாங்காம அடிச்சிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது.

“அதுக்குத்தான் அம்மணி கொதிக்கக் கொதிக்க வேணும்னு உங்ககிட்டக் கேட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணின் புருஷனைப் பற்றி, அந்தப் பெண்ணிடமே சொல்கிறாரே என்று. ஆனால் அவர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. டம்ளரைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தெரியுமுங்கக்கா. அதுனாலதான் ஒருக்கா எறக்கி வெச்சத, அவரு மீசைய முறுக்கறப்பத் திருப்பியும் அடுப்புல ஏத்துனேன்.”